ஆறாம் மேசையில் மூன்றாவது திரை

எனக்கு அறுபத்தொன்பது வயது. இந்த வயதில் கதை கட்டி யாரிடமும் பேர் வாங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இதை எழுதுவதால் எங்கள் வீட்டுக்குப் பெருமையும் இல்லை. இருக்கிற பெருமை போகத்தான் போகிறது. தெரிந்தே எழுதுகிறேன். நம்பாதவர்கள் என் கழுத்தை வந்து பார்க்கலாம். இடது காதுக்குக் கீழே தொடங்கி வலது காதுக்குக் கீழே முடியும் தழும்பு. பல் பல்லாக இருக்கும்.

பேய் இருட்டினால்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். 1.40-இலிருந்து 3.12 வரை. வெளியே கண் கூசும் வெயில்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் தம்பியும் முப்பத்தொரு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை நடத்தினோம். அலுவலகங்களுக்குப் போய்த் திரை, பிரிண்டர், கீபோர்டு எல்லாவற்றையும் இணைத்துக் கொடுப்பதுதான் வேலை. முன்பெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வாய். கீபோர்டுக்கு ஊதா வட்டம், மவுசுக்குப் பச்சை வட்டம், திரைக்குப் பதினைந்து ஊசி வைத்த நீல முனை, அதன் இரு பக்கமும் திருகு. ஒன்றின் முனை இன்னொன்றின் வாயில் போகாது. போகக் கூடாத இடத்தில் போவது மனிதர்கள்தான், வயர்கள் இல்லை என்று நான் சொல்வதுண்டு.

இப்போது டாக்கிங் ஸ்டேஷன் வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. திரை, நெட், கீபோர்டு எல்லாம் அதன் முதுகில் செருகியபடியே இருக்கும். லேப்டாப்பைக் கொண்டுவந்து ஒரே ஒரு வயரைச் செருகினால் போதும். படம், தகவல், மின்சாரம் மூன்றும் அந்த ஒரு வயரில் ஓடும்.

"எங்க வீட்டுல அண்ணன்தான் டாக்கிங் ஸ்டேஷன். நாங்கல்லாம் அவர் முதுகுல தொங்குறோம்" என்று தம்பி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அது பிடிக்கும். பிடித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

எங்களுக்கென்று ஒரு கை வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வயர்களைச் சேர்த்துக் கேபிள் டையால் கட்டுவோம். பல் வைத்த பிளாஸ்டிக் பட்டைதான். இழுத்தால் 'க்ரிக் க்ரிக்' என்று இறுகும். இறுகியது திரும்ப இளகாது. வெட்டத்தான் வேண்டும். மற்றவர்கள் ஒன்று கட்டி வாலை நறுக்கி விடுவார்கள். நறுக்கிய முனை கத்தி மாதிரி அடுத்தவர் கையைக் கிழிக்கும். நாங்கள் வாலை மடக்கி உள்பக்கமாகச் செருகுவோம். அதோடு, பக்கத்தில் பக்கத்தில் எப்போதும் இரண்டு கட்டு. ஒன்று அறுந்தாலும் ஒன்று பிடிக்க வேண்டும். இதைக் கடை ஆட்களுக்கு நான் கற்றுத் தந்ததில்லை. கடைசிக் கட்டு வீட்டு ஆள் கையால்தான் விழ வேண்டும்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு தங்கை. அவள் கணவர் கட்டட வரைபடம் போடுபவர். கல்யாணமான புதிதில் ஆறு மாதம் எங்கள் கடையில் இருந்தார். பிறகு தனியாக அலுவலகம் வைத்தார். கெட்டிக்காரர். ஆனால் கோபம் வந்தால் கை நீளும். ஒரு முறை தங்கையின் மணிக்கட்டை உடைத்தார். மறுமுறை தாடையை. "மாடிப்படியில் விழுந்தாள்" என்று ஊருக்குச் சொன்னது நான்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவர் காணாமல் போனார். வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்று தம்பி சொன்னான். அதையும் நானே ஊருக்குச் சொன்னேன். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர்களுக்குள் வழக்கு. நான்கு வருடம் யாரும் திறக்கவில்லை.

இப்போது அதை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் எடுத்தது. ஆறு மேசை, மேசைக்கொரு டாக்கிங் ஸ்டேஷன், இரண்டு திரை. வேலை எங்களிடம் வந்தது. நான் ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை மாலை தம்பி என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த ஆர்டர் வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா விடுங்களேன்."

"வாக்குக் கொடுத்தாச்சு. ஓடிப்போனவன் ஆபீஸ்னு நாம ஒதுங்கினா, தப்பு நம்ம பக்கம்னு ஆகிடாதா?"

கடையில் இருபது வருடமாக இருக்கும் மெக்கானிக் பக்கத்தில் இருந்தார். எந்நேரமும் உதட்டில் ஒரு திருகைக் கவ்விக்கொண்டிருப்பதால் அவருக்கு 'ஸ்க்ரூ' என்றே பெயர். "சின்னவருக்கு ஞாயித்துக்கிழமை மதியத் தூக்கம் போயிடும்னு கவலை" என்றார்.

தம்பி சிரிக்கவில்லை.

"சரி, நானே போறேன். நீ கடையைப் பாரு" என்றேன்.

வாசல் வரை போனவன் திரும்பினான். "அண்ணே... ஆறாவது மேசையைச் சுவத்தோரம் போட வேணாம். தள்ளிப் போடச் சொல்லுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது தங்கை கதவருகே நின்றாள். "அங்க அவர் பொருள் ஏதாவது கெடந்தா வீட்டுக்குக் கொண்டு வராதீங்க அண்ணே. எரிச்சிட்டு வாங்க." அவள் தாடை இன்னும் ஒரு பக்கம் கோணல்தான்.

1.40. கட்டடம். கீழ்த்தளத்தில் தோல் கிடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படியேற வேண்டும். வாட்ச்மேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மேல ஆள் இருக்காங்களே. நீங்க இப்பத்தான் வர்றீங்க?"

"யாரு இருக்கா?"

"நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு."

"எலியா இருக்கும்."

"எலி நாற்காலி போட்டு உக்காருமா ஐயா?"

நான் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினேன். மூன்றாம் மாடி. பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே நீளமான ஓர் அறை. புது மேசைகள். புது நாற்காலிகள். ஆறாவது மேசை சுவரோரமாகவே இருந்தது.

வேலையைத் தொடங்கினேன். கடையின் சோதனை லேப்டாப் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் பெட்டியை இணைத்து, லேப்டாப்பைச் செருகிப் பார்ப்பேன். செருகினால் 'டு-டிங்' என்று ஏறும் சத்தம் வரும். பிடுங்கினால் 'டிங்-டு' என்று இறங்கும் சத்தம். பிறகு திரையைப் படமெடுத்துச் சேமிப்பேன். எத்தனை திரை இணைந்திருக்கிறதோ அத்தனையும் பக்கம் பக்கமாக ஒரே படத்தில் விழும். வேலை சரியாக முடிந்ததற்கு அதுதான் சான்று.

2.32-க்கு ஐந்து மேசைகள் முடிந்தன.

ஆறாவது மேசைக்கு ஒரு திரைதான் வந்திருந்தது. இன்னொன்று மறுநாள் வரும். இருந்த ஒன்றை இணைத்தேன். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். லேப்டாப்பைச் செருகினேன்.

டு-டிங்.

கொஞ்சம் இடைவெளி.

டு-டிங்.

இரண்டாவது சத்தம் வரக் கூடாது. நான் எதையும் செருகவில்லை.

இணைந்திருக்கும் திரைகளின் பட்டியலைத் திறந்தேன். லேப்டாப் திரைக்கு எண் ஒன்று. மேசைத் திரைக்கு எண் இரண்டு. எண் மூன்று என்று இன்னொரு கட்டம் இருந்தது. அகலம் 1024, உயரம் 768. பழைய சதுரத் திரையின் அளவு. அப்படியொரு திரை அந்த அறையிலேயே இல்லை.

பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். திரை வயர் ஒன்றுதான். புதுப் பெட்டியிலேயே கோளாறு என்று முணுமுணுத்தேன். மவுசை வலது பக்கம் நகர்த்தினேன். அம்புக்குறி திரையின் ஓரத்தைத் தாண்டியது... போய்விட்டது. இல்லாத திரைக்குள் எங்கேயோ அலைந்தது. இடது பக்கம் இழுத்தேன். திரும்பி வந்தது.

ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அதையும் அந்தப் பக்கம் தள்ளினேன். முழுக்க மறைந்தது. ஐந்து விநாடி எண்ணினேன். இழுத்தேன்.

பக்கம் வெறுமையாக இல்லை. ஒரு வரி இருந்தது.

*பெரிய மச்சான்*

என்னை அப்படிக் கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

2.41. பழக்கத்தில் விரல் தானாகவே படமெடுக்கும் பொத்தானை அழுத்தியது. படத்தைத் திறந்தேன். இடது பக்கம் லேப்டாப் திரை. நடுவில் மேசைத் திரை. வலது பக்கம் ஒரு சதுரம். சதுரம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு சின்ன வட்டமான வெளிச்சம், ஓட்டை வழியாகப் பார்ப்பது போல. அந்த வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு. வழுக்கைத் தலை.

நான்.

திரும்பினேன். என் பின்னால் சுவர். வயர்கள் இறங்குவதற்காகச் சுவருக்குள் ஆளுயரக் குழி ஒன்று இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. இப்போது குழி இல்லை. கதவளவுக்குச் சிமெண்ட் பூசியிருந்தது. இடுப்பு உயரத்தில் விரல் நுழையும் ஓட்டை. அதிலிருந்து ஒரு பழைய திரை வயர் தொங்கியது. பதினைந்து ஊசி நீல முனை. எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என் கண் முன்னால் வந்தது. தம்பி வீட்டுக்கு வந்தபோது நகக்கண்ணில் சிமெண்ட். முன்கை முழுக்கக் கீறல். "மாப்பிள்ளை ஆபீஸ்ல எலித் தொல்லை அண்ணே, குழியை அடைச்சேன்" என்றான். எலி அப்படிக் கீறாது. எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சில கேள்விகளைக் கேட்பதில்லை. அதைத்தான் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

2.47. மறுபடி படமெடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கறுப்பு இல்லை. ஓட்டை இல்லை. என் முதுகு பெரிதாகத் தெரிந்தது. பார்ப்பது எதுவோ அது அறைக்குள் வந்திருந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. தோல் வாடை மட்டும்... அதற்கு அடியில் இன்னொரு வாடை.

2.49. இன்னொரு படம். சதுரம் முழுக்க என் பிடரி. என் மச்சம். அதில் ஒட்டியிருந்த வியர்வைத் துளி.

வயரைப் பிடுங்கினேன்.

இறங்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை.

டு-டிங்.

என் கையில் வயர் தொங்குகிறது. லேப்டாப் எதனோடும் இணையவில்லை. பட்டியலில் மூன்றாவது கட்டம் அப்படியே இருந்தது.

2.52. இடது காதுக்குப் பின்னால்...

க்ரிக்.

முப்பத்தொரு வருடமாகக் கேட்ட சத்தம். தப்பாக இருக்க வழியில்லை.

க்ரிக். க்ரிக்.

கழுத்தில் பட்டை இறங்கியது. எழுந்தேன். எழ விடவில்லை. மேசைத் திரை தானாக எழும்பி என் நெற்றியில் அடித்தது. கண்ணாடி தெறித்தது. கண்ணில் இரத்தம் வழிந்தது. "யாருடா?" என்று கத்தினேன். பாதிதான் வெளியே வந்தது.

க்ரிக்.

நாற்காலியோடு பின்னால் இழுத்தது. விழுந்தேன். தரையில் தரதரவென்று இழுத்தது. என் செருப்பு ஒரு பக்கம் போனது. மேசைக் காலைப் பிடித்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. பிரியாத விரலை ஒடித்தது. சுண்டுவிரல். சத்தம் கேட்டது.

சுவர்.

என்னுடையது தலைமயிர் இல்லாத தலை. எதைப் பிடித்ததோ தெரியாது. பிடித்தது. மோதியது.

ஒன்று.

சிமெண்டில் விரிசல் விட்டது.

இரண்டு.

என் பல் ஒன்று நாக்கில் விழுந்தது. "மாப்பிள்ளை... நான் இல்ல..." என்று சொல்லப் பார்த்தேன்.

பிடி ஒரு கணம் நின்றது. காதருகே மூச்சு. அது காற்றுக்கு ஏங்கும் ஆளின் மூச்சு. நான் மூச்சுக்கு ஏங்கியது போலவே.

"கேட்டீங்களா?"

அவ்வளவுதான் சொன்னது.

க்ரிக்.

மூன்று.

சட்டைப் பையில் கட்டர் இருந்தது. எப்போதும் இருக்கும். அதை எடுத்தேன். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இடம் இல்லை. சதையோடு சேர்த்துச் செருகினேன். அழுத்தினேன். சூடாக வழிந்தது. பட்டை அறுந்தது.

மூச்சு வந்தது.

சுவரில் கடிகாரம். 3.12.

எல்லாம் நின்றுவிட்டது. பூசிய சிமெண்ட் பலகை பலகையாக விழுந்தது. உள்ளே ஆளுயரக் குழியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எலும்பும் சட்டையுமாக. கழுத்தில் பழைய திரை வயர் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தச் சுற்றைக் கேபிள் டை பிடித்திருந்தது.

இரண்டு கட்டு. பக்கத்தில் பக்கத்தில். வால் உள்பக்கம் மடக்கியது.

நான் அங்கேயே உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் வாசலிலேயே நின்றுவிட்டார். போலீசைக் கூப்பிடச் சொன்னேன். அதற்கு முன்னால் தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். ஓடிப்போ என்று சொல்லியிருக்கலாம். கை போனை எடுத்தது. எண்ணை அழுத்தவில்லை. ஊருக்குச் சொன்ன இரண்டு பொய்யும் போதும் என்று தோன்றியது.

3.20. என் கையிலிருந்த போன் அடித்தது. ஸ்க்ரூ. அழுதுகொண்டிருந்தார்.

"பெரியவரே... சின்னவர்..."

மாலை நாலரைக்குப் போலீஸ் வண்டியிலேயே கடைக்குப் போனேன். கழுத்தில் கட்டு, விரலில் கட்டு. ஸ்க்ரூ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. கடையில் அவர்கள் இருவர்தான். தம்பி கவுண்டரில் சும்மா உட்கார்ந்திருந்தான். சாப்பிடவும் இல்லை. மூன்று மணி தாண்டிப் பத்து நிமிடம் போல, எதுவும் செருகாத கவுண்டர் கம்ப்யூட்டரிலிருந்து 'டு-டிங்' என்று சத்தம் வந்தது. தம்பி திரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். "அண்ணனை விட்டுடு" என்றான். யாரிடம் பேசுகிறான் என்று ஸ்க்ரூவுக்குப் புரியவில்லை.

அடுத்த நொடி தம்பி கவுண்டருக்கு மேலாகத் தூக்கி வீசப்பட்டான். கண்ணாடி அலமாரி நொறுங்கியது. கழுத்தில் பட்டை. ஸ்க்ரூ கட்டரைத் தேடினார். கடை முழுக்கக் கட்டர். ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை. பல்லால் கடித்தார். அவர் உதடு கிழிந்திருந்தது. கட்டு அசையவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கடிகாரத்தைப் பாத்தேன் சார். மூணு பன்னெண்டு."

என் தம்பி தரையில் கிடந்தான். அவன் கழுத்தில் ஒரே ஒரு கட்டு. எங்கள் வீட்டில் யாரும் ஒன்று கட்டுவதில்லை.

அதற்குள் தங்கை வந்துவிட்டாள். அழவில்லை. கணவர் கிடைத்ததையும் சின்ன அண்ணன் போனதையும் ஒரே நிமிடத்தில் கேட்டவள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லிடுங்க அண்ணே. இந்தத் தடவை எதையும் மறைக்காம சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து தம்பியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தன் கையால இப்படிக் கட்டிக்க முடியாது. வாலை மடக்கிச் செருகியிருக்கு. இப்படிக் கட்ட யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணு பேருக்கு."

"யாரு யாரு?"

"நான். இதோ கிடக்கிறானே, இவன்."

"மூணாவது?"

"மத்தியானம் சுவத்துக்குள்ளேருந்து எடுத்தீங்களே சார். அவர்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுதவில்லை.

ஆறு மாதம் எங்கள் கடையில் இருந்தவர். வீட்டு ஆள் என்று நான்தான் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தேன். இரண்டு கட்டு வேண்டும் மாப்பிள்ளை, ஒன்று அறுந்தாலும் ஒன்று பிடிக்க வேண்டும் என்று.

என் கழுத்தில் இருந்தது அறுந்தது.

இன்னொன்று பிடித்துக்கொண்டது.